வலிப்பு நோயும் மறதியும்: மூளைப் படங்கள் நமக்குச் சொல்வது

"பையனுக்கு ஃபிட்ஸ் வர்றது குறைஞ்சிடுச்சு ஹஜ்ரத். ஆனா ஓதினது எதுவும் மனசுல நிக்க மாட்டேங்குது." வலிப்பு நோயுள்ள பிள்ளைகளின் பெற்றோர் ஆலிம்களிடம் வந்து சொல்லும் குறை இது. மருத்துவரிடம் போகும்போது இதைச் சொல்வதில்லை. அவரும் "மாதத்துக்கு எத்தனை தடவை வருகிறது?" என்று கேட்டு, மாத்திரையைக் கூட்டியோ குறைத்தோ எழுதி அனுப்பிவிடுகிறார். மறதியைப் பற்றிய பேச்சு வீட்டிலும் மத்ரஸாவிலும்தான் நடக்கிறது. அங்கே அதற்கு வைக்கப்படும் பெயர்கள் வேறு: சோம்பல், அக்கறையின்மை, கண்ணேறு, ஜின். சில இடங்களில் அடியும் விழுகிறது.

உண்மையில் இந்த மறதிக்கு மூளைக்குள் ஓர் இடம் இருக்கிறது. பலருக்கு வலிப்பு கிளம்புகிற இடமும் நினைவு பதிகிற இடமும் ஒன்றாகவே இருக்கின்றன. அந்த இடத்தை இன்று படம் எடுத்துப் பார்க்க முடிகிறது. அந்தப் படங்கள் எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்று தெரிந்துகொண்டால், ஒரு பிள்ளையைத் தண்டிப்பதா, சிகிச்சைக்கு அழைத்துச் செல்வதா என்ற முடிவே மாறிவிடும். நமக்கு மருத்துவப் பட்டம் கிடையாது. மத்ரஸாவிலும் பிறகு கலைக் கல்லூரியிலும் படித்தவர்கள்தான். ஆனால் குடும்பங்கள் முதலில் நம்மிடம் வருவதால், இதைப் படித்துத் தெரிந்துகொள்ளும் கடமை நமக்கு இருக்கிறது.

கடல் குதிரை வடிவில் ஓர் உறுப்பு

உலகில் சுமார் 5 கோடிப் பேருக்கு வலிப்பு நோய் இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. மூளையின் நரம்பு அணுக்கள் ஒன்றோடொன்று மெல்லிய மின் சைகைகளால் பேசிக்கொள்கின்றன. ஒரு கூட்டம் அணுக்கள் கட்டுப்பாடின்றி ஒரே நேரத்தில் சைகை அனுப்பத் தொடங்கினால் அதுவே வலிப்பு. கை கால் வெட்டி, வாயில் நுரை தள்ளினால்தான் வலிப்பு என்று நாம் நினைக்கிறோம். அது ஒரு வகை மட்டுமே.

காதுக்கு உட்புறம், நெற்றிப்பொட்டை ஒட்டி மூளையில் ஒரு பகுதி இருக்கிறது. டெம்போரல் லோப் என்பார்கள். தமிழில் பொட்டு மடல். பெரியவர்களுக்கு வரும் வலிப்புகளில் கணிசமானவை இங்கிருந்துதான் தொடங்குகின்றன. இந்த வகையில் ஆள் கீழே விழாமலே இருக்கலாம். வயிற்றிலிருந்து ஏதோ மேலே ஏறுவது போலத் தோன்றும். இல்லாத வாடை அடிக்கும். புதிய இடத்தை ஏற்கெனவே பார்த்தது போல இருக்கும். காரணமில்லாத பயம் வரும். பிறகு ஒரு நிமிடம், இரண்டு நிமிடம் வெறித்துப் பார்ப்பார், வாயைச் சப்புக்கொட்டுவார், சட்டை பொத்தானைத் திருகிக்கொண்டே இருப்பார். கூப்பிட்டால் பதில் வராது. தெளிந்த பிறகு கேட்டால் "என்ன நடந்தது?" என்பார். ஜின் தீண்டியதாகச் சொல்லி அழைத்து வரப்படுபவர்களில் இந்த அடையாளங்கள் கொண்டவர்களும் உண்டு.

இந்தப் பொட்டு மடலின் உள்மடிப்பில், இடப்பக்கம் ஒன்றும் வலப்பக்கம் ஒன்றுமாக, ஹிப்போகாம்பஸ் என்ற சிறு உறுப்பு இருக்கிறது. கடல் குதிரையைக் குறிக்கும் கிரேக்கச் சொல் அது, வடிவமும் அப்படித்தான். இன்று காலை என்ன சாப்பிட்டோம், நேற்று யார் வந்தார்கள், புதிதாக ஓதிய பாடம் எது என்பவையெல்லாம் நிலைத்த நினைவாக மாற வேண்டுமானால் இந்த உறுப்பின் வேலை நடக்க வேண்டும். பொதுவாக இடப்பக்கம் உள்ளது சொற்களையும் கேட்டவற்றையும் நினைவில் வைக்க உதவுகிறது. வலப்பக்கம் உள்ளது முகம், வழி, உருவம் போன்றவற்றுக்கு அதிகம் உதவுகிறது. ஆனால் வலப்பக்கத்தைப் பற்றிய இந்தக் கூற்று அவ்வளவு உறுதியானதல்ல.

மருந்துக்குக் கட்டுப்படாத பொட்டு மடல் வலிப்புக்காரர்களில் மிகப் பலருக்கு இந்த உறுப்பு சுருங்கி, அணுக்கள் அழிந்து, தழும்பு போல இறுகியிருக்கிறது. ஹிப்போகாம்பல் ஸ்க்ளீரோசிஸ் என்று ஸ்கேன் அறிக்கையில் எழுதியிருந்தால் இதுதான் அர்த்தம். சிலருக்குக் குழந்தைப் பருவத்தில் காய்ச்சலோடு நீண்ட நேரம் நீடித்த வலிப்பு வந்திருக்கும். ஆகவே வலிப்பு வந்தால் கையில் இரும்புச் சாவியைத் திணித்துவிட்டு நிற்பதில் பயனில்லை. பிள்ளையை ஒருக்களித்துப் படுக்க வைத்து, வாயில் எதையும் வைக்காமல், கடிகாரத்தைப் பார்க்க வேண்டும். 5 நிமிடத்தைத் தாண்டினால் மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும்.

இருவர் இழந்ததிலிருந்து உலகம் கற்றது

நினைவுக்கும் இந்த உறுப்புக்கும் உள்ள தொடர்பு ஆய்வகத்தில் தெரியவந்ததல்ல. வலிப்பு நோயாளிகள் பட்ட துயரத்தின் வழியாகவே தெரிந்தது.

அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தைச் சேர்ந்த ஹென்றி மொலேசன் என்ற இளைஞருக்கு 10 வயது முதல் வலிப்பு. வேலைக்குப் போக முடியாத நிலை. 1953இல், அவருக்கு 27 வயதானபோது, வில்லியம் ஸ்கோவில் என்ற அறுவை மருத்துவர் அவருடைய மூளையின் இரு பக்கத்திலும் ஹிப்போகாம்பஸின் பெரும்பகுதியையும் அதைச் சுற்றியுள்ள பகுதியையும் எடுத்துவிட்டார். வலிப்பு வெகுவாகக் குறைந்தது. ஆனால் அன்று முதல் புதிய எதையும் அவரால் நினைவில் நிறுத்த முடியவில்லை. பேசிக்கொண்டிருக்கும்போது எல்லாம் சரியாக இருக்கும். பேசியவர் வெளியே போய்த் திரும்பி வந்தால் முதல் முறை பார்ப்பவரைப் போல வரவேற்பார். அறிவு குறையவில்லை. இளம் வயது நினைவுகள் பல இருந்தன. புதியது பதியவில்லை, அவ்வளவுதான்.

பிரெண்டா மில்னர் என்ற உளவியல் ஆய்வாளர் அவரைப் பல ஆண்டுகள் சோதித்தார். அவரும் ஸ்கோவிலும் 1957இல் வெளியிட்ட கட்டுரைதான் நினைவாற்றல் ஆய்வின் திருப்புமுனை. மில்னர் கண்ட இன்னொன்றும் உண்டு. கண்ணாடியில் மட்டும் பார்த்து நட்சத்திர வடிவைக் கோடிடும் பயிற்சியை மொலேசனுக்குக் கொடுத்தார். மூன்று நாட்களில் அவர் கை நன்றாகத் தேர்ந்துவிட்டது. ஆனால் ஒவ்வொரு நாளும் "இதை நான் செய்ததே இல்லை" என்றே நினைத்தார். கைப்பழக்கத்துக்கான நினைவு வேறு, நடந்ததை நினைவுகூரும் ஆற்றல் வேறு என்பது அப்போது விளங்கியது. ஆசிரியர்களாக இருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். ஒளூச் செய்யும் முறையைப் பிசகாமல் செய்யும் பிள்ளை நேற்று ஓதிய ஆயத்தை மறந்தால், அவன் நடிக்கிறான் என்று முடிவு கட்டக்கூடாது.

மொலேசன் 2008 டிசம்பரில் இறக்கும்வரை ஹெச்.எம். என்ற இரண்டு எழுத்தில் மட்டுமே உலகுக்கு அறிமுகமாகியிருந்தார். மூளைப் படத்தின் மதிப்பு இங்கேதான் தெரிகிறது. அவர் மூளையில் எவ்வளவு எடுக்கப்பட்டது என்பதற்கு நாற்பது ஆண்டுகள் ஸ்கோவில் வரைந்த படமும் அவர் சொன்ன சுமார் 8 சென்டிமீட்டர் என்ற அளவும்தான் ஆதாரம். 1990களில் எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தபோது நீளம் 5 சென்டிமீட்டரைச் சற்றே தாண்டியிருந்தது. பின்பகுதியில் கொஞ்சம் ஹிப்போகாம்பஸ் மிச்சமும் இருந்தது. அறுத்தவரின் கையே தவறாகக் கணித்த ஒன்றை, மண்டையைத் திறக்காமல் எடுத்த படம் திருத்தியது.

இரண்டாமவர் அவ்வளவு பிரபலமானவர் அல்லர். கனடாவின் மாண்ட்ரியல் நகரில் வைல்டர் பென்ஃபீல்ட் என்ற புகழ்பெற்ற அறுவை மருத்துவரிடம் வந்த ஒரு பொறியாளர். பி.பி. என்று குறிப்பிடுவார்கள். 1946இலும் 1951இலுமாக இடப்பக்கத்தில் மட்டுமே அறுவை நடந்தது. வலப்பக்கத்தைத் தொடவில்லை. அப்படியிருந்தும் மொலேசனைப் போலவே அவருக்குப் புதிய நினைவு நிற்கவில்லை. வலப்பக்கமும் முன்பே பழுதாகியிருக்க வேண்டும் என்று பென்ஃபீல்டும் மில்னரும் ஊகித்தார்கள். 1964இல் அவர் இறந்தபின் மூளையைத் திறந்து பார்த்தபோது வலப்பக்க ஹிப்போகாம்பஸ் சுருங்கிக் கிடந்தது. ஊகம் சரிதான், ஆனால் அது உறுதியாகப் பதின்மூன்று ஆண்டுகளும் ஒரு மரணமும் தேவைப்பட்டன. இன்றைய எம்.ஆர்.ஐ. அன்று இருந்திருந்தால், அறுவைக்கு முந்தைய வாரமே அந்தச் சுருக்கம் திரையில் தெரிந்திருக்கும்.

எந்தப் படம் எதைக் காட்டும்?

தலையில் கம்பிகளை ஒட்டி எடுக்கும் இ.இ.ஜி. படமல்ல, மின் ஓட்டத்தின் வரைகோடு. ஜெர்மனியின் ஹான்ஸ் பெர்கர் மனித மூளையில் அதைப் பதிவு செய்து 1929இல் வெளியிட்டார். வலிப்பு எந்தப் பக்கம் கிளம்புகிறது என்பதற்கு இன்றும் அதுதான் அடிப்படை. ஒரு முறை எடுத்த இ.இ.ஜி. சரியாக இருந்தால் நோய் இல்லை என்று ஆகாது.

சி.டி. ஸ்கேன் அவசரத்துக்கு உதவும். ரத்தக் கசிவு, கட்டி, சுண்ணாம்புப் படிவு ஆகியவை தெரியும். நம் நாட்டில் அது அடிக்கடி காட்டும் இன்னொன்று, மூளையில் தங்கிய நாடாப்புழுவின் இளம் பருவக் கட்டி. பன்றி இறைச்சியோடு தொடர்புடைய புழு என்று மருத்துவர் சொன்னதும் நம் குடும்பங்கள் அதிர்ச்சியும் கோபமும் அடைவதைப் பார்க்கிறோம். "நாங்கள் அதைத் தொடவே மாட்டோமே!" என்கிறார்கள். தொட வேண்டியதில்லை. புழுவின் முட்டை, அந்தப் புழுவை வயிற்றில் சுமப்பவரின் மலம் கலந்த தண்ணீர், சரியாகக் கழுவாத கீரை, கழுவாத கை வழியாக யாருடைய வயிற்றுக்கும் போகும். 1990களின் தொடக்கத்தில் நியூயார்க்கில் பன்றியை அறவே தவிர்க்கும் வைதீக யூதக் குடும்பங்களிலேயே இது கண்டுபிடிக்கப்பட்டு மருத்துவ இதழில் வெளியானது. வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் இத்தகைய ஒற்றைக் கட்டிகளைப் பற்றி விரிவாக ஆய்ந்திருக்கிறார்கள். பல கட்டிகள் தாமாகவே கரைந்துவிடுகின்றன. அறிக்கையில் அப்படி எழுதியிருந்தால் அது மார்க்கப் பேணுதலின் மீது விழுந்த பழி அல்ல.

ஹிப்போகாம்பஸைத் தெளிவாகப் பார்க்க எம்.ஆர்.ஐ. வேண்டும். இதில் ஒரு நுணுக்கம் பலருக்குத் தெரிவதில்லை. தலைவலிக்கு எடுப்பது போன்ற பொதுவான எம்.ஆர்.ஐ.யில் தடித்த துண்டுகளாகப் படம் எடுப்பார்கள். சிறிய தழும்பு அதில் தப்பிவிடலாம். வலிப்புக்கென்று தனி முறை இருக்கிறது. மெல்லிய துண்டுகளாக, ஹிப்போகாம்பஸின் நீளத்துக்குக் குறுக்குவாட்டில் எடுப்பது அது. "ஸ்கேன் நார்மல்" என்று கையில் ஓர் அறிக்கை இருந்து, வலிப்பும் நிற்காமல் இருந்தால், "இது வலிப்புக்கான முறையில் எடுத்ததா?" என்று நரம்பியல் மருத்துவரிடம் தயங்காமல் கேளுங்கள். வலிப்பு நோயில் பழகிய கதிரியக்க மருத்துவர் பார்ப்பதற்கும் மற்றவர் பார்ப்பதற்கும் வித்தியாசம் உண்டு.

பெட் ஸ்கேன் மூளையின் எந்தப் பகுதி சர்க்கரையைக் குறைவாக எடுத்துக்கொள்கிறது என்று காட்டும். எம்.ஆர்.ஐ. தெளிவாக இல்லாதபோது அது கைகொடுக்கும். செலவு அதிகம், எல்லாருக்கும் தேவைப்படாது.

நினைவு வேலை செய்வதைப் படம் எடுக்க முடியுமா?

எம்.ஆர்.ஐ. உறுப்பின் உருவத்தைக் காட்டும். அது எவ்வளவு வேலை செய்கிறது என்பது வேறு கேள்வி. இதற்கு ஒரு காலத்தில் வாடா சோதனை ஒன்றுதான் வழி. ஜூன் வாடா என்ற ஜப்பானிய மருத்துவர் 1940களின் இறுதியில் உருவாக்கி, பின்பு மாண்ட்ரியலுக்குக் கொண்டுசென்ற முறை. கழுத்து வழியாக மூளைக்குப் போகும் ரத்தக் குழாயில் மயக்க மருந்தைச் செலுத்தி மூளையின் ஒரு பாதியைச் சில நிமிடம் தூங்க வைப்பார்கள். விழித்திருக்கும் மறுபாதியிடம் பொருட்களைக் காட்டிப் பிறகு நினைவிருக்கிறதா என்று கேட்பார்கள். ஒரு பக்கத்தை எடுத்துவிட்டால் மறுபக்கம் தாங்குமா என்பதை ஒத்திகை பார்ப்பது போல. பி.பி.க்கு நேர்ந்தது இன்னொருவருக்கு நேரக்கூடாது என்ற அச்சம் அதன் பின்னால் இருந்தது.

1990இல் செய்ஜி ஒகாவா என்ற அறிவியலாளர், ஆக்ஸிஜன் உள்ள ரத்தமும் இல்லாத ரத்தமும் காந்தப் புலத்தில் வேறுவிதமாக நடந்துகொள்வதை வைத்து, மூளை வேலை செய்யும் இடத்தைப் படம் எடுக்கலாம் என்று காட்டினார். செயல்முறை எம்.ஆர்.ஐ. என்பது அதுதான். நோயாளி ஸ்கேன் குழாய்க்குள் படுத்திருக்க, திரையில் சொற்களும் முகங்களும் படங்களும் வரும். பிறகு எவை நினைவில் நின்றன என்று வெளியே கேட்பார்கள். நின்ற சொல் திரையில் வந்த நொடியில் எந்தப் பகுதிக்கு ரத்தம் கூடுதலாகப் போனது என்று கணக்கிடுவார்கள். ஊசியும் மயக்கமும் இல்லை. மொழிக்கான பகுதி எந்தப் பக்கம் என்று அறிய வாடா சோதனைக்குப் பதில் இதைப் பயன்படுத்தலாம் என்று அமெரிக்க நரம்பியல் கழகம் 2017இல் வழிகாட்டியது. நினைவைப் பொறுத்தவரை ஆதாரம் அதைவிடக் குறைவு. ஆனாலும் சொல் நினைவு பாதிக்கப்படுமா என்று கணிக்க இது உதவும் என்பது ஏற்கப்பட்டுள்ளது.

ஸ்கேன் எந்திரம் மனதில் உள்ளதைப் படித்துவிடும் என்று சிலர் பயப்படுகிறார்கள். அப்படி ஒன்றுமில்லை. எங்கே ரத்தம் சற்றுக் கூடியது என்பதற்கு மேல் அதற்கு எதுவும் தெரியாது. திரையில் சிவப்பாக ஒளிரும் புள்ளிகூட, பல முறை எடுத்த அளவுகளின் கணக்கிலிருந்து வரைந்த நிறம்தான்.

அறுவை சிகிச்சை என்ற கேள்வி

சரியான இரண்டு மருந்துகளைச் சரியான அளவில் கொடுத்தும் வலிப்பு நிற்காவிட்டால், மருந்துக்குக் கட்டுப்படாத வலிப்பு என்பது உலகளாவிய வரையறை. மூன்றில் ஒருவர் அளவுக்கு இந்த நிலையில் இருக்கிறார்கள். அவர்களில் எல்லாருக்கும் அல்ல, சிலருக்கு அறுவை சிகிச்சை பொருந்தும். கனடாவில் 80 பொட்டு மடல் நோயாளிகளைச் சீட்டுக் குலுக்கல் முறையில் பிரித்து நடத்தி 2001இல் வெளியான ஆய்வில், ஓராண்டின் முடிவில் அறுவைக்கு ஒதுக்கப்பட்டவர்களில் 58 சதவீதத்தினருக்கு நினைவு தப்பும் வலிப்பு வரவில்லை. மருந்தில் மட்டும் இருந்தவர்களில் அது 8 சதவீதம். டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனை 18 வயதுக்குட்பட்ட 116 பேரிடம் பல வகை மூளை அறுவைகளை வைத்து நடத்திய ஆய்வு 2017இல் வந்தது: 77 சதவீதம், 7 சதவீதம். இருந்தும் நம் ஊர்களில் அறுவை என்ற சொல்லைக் கேட்டதும் எழுந்து வந்துவிடுகிறார்கள். இருபது வருடம் மாத்திரை மாற்றி மாற்றிச் சாப்பிட்ட பிறகு கேட்க வருகிறார்கள். அதற்குள் படிப்பும் வேலையும் போயிருக்கும்.

அவசரப்பட்டு ஒப்புக்கொள்வதும் சரியல்ல. பொட்டு மடலின் இடப்பக்கத்தில் அறுவை நடந்தால், ஏறத்தாழ பத்தில் நான்கு பேருக்குச் சொல் நினைவு முன்பைவிடக் குறைகிறது. வலப்பக்கமானால் பத்தில் இரண்டு பேருக்கு. யாருக்குக் குறையும்? இங்கே கேட்பவருக்கு வியப்பாக இருக்கும் ஒரு செய்தி உண்டு. ஹிப்போகாம்பஸ் நன்றாகச் சுருங்கி, நினைவுச் சோதனையிலும் ஏற்கெனவே மதிப்பெண் குறைந்தவருக்கு இழக்க அதிகம் இல்லை. அந்தப் பக்கம் பெயருக்குத்தான் இருந்தது; வேலையை மறுபக்கம் எடுத்துக்கொண்டிருக்கும். ஆனால் படத்தில் ஹிப்போகாம்பஸ் நன்றாக இருந்து, நினைவும் கூர்மையாக இருந்து, செயல்முறை எம்.ஆர்.ஐ.யிலும் இடப்பக்கமே ஒளிர்ந்தால், அவரே அதிகம் இழக்கக்கூடியவர். ஆகவே "ஸ்கேனில் சுருக்கம் தெளிவாகத் தெரிகிறது" என்று மருத்துவர் சொன்னால் வீட்டில் அழுகிறார்கள்; அறுவை சிகிச்சையைப் பொறுத்தவரை அது பல நேரம் நல்ல செய்தி.

இதனால்தான் படம் மட்டும் போதாது. நரம்பியல் உளவியலாளர் இரண்டு மூன்று மணி நேரம் உட்கார வைத்து நடத்தும் நினைவுச் சோதனையும் வேண்டும். ஒரு சொல் பட்டியலைச் சொல்லித் திருப்பிக் கேட்பது, கதை சொல்லி அரை மணி நேரம் கழித்துக் கேட்பது, உருவம் வரையச் சொல்வது என்று போகும். தாய்மொழியில் நடந்தால்தான் அதற்கு மதிப்பு. திருவனந்தபுரத்தில் உள்ள ஸ்ரீ சித்திரா திருநாள் நிறுவனத்தில் 1995 முதல் வலிப்புக்கான அறுவை நடந்து வருகிறது. தென்மாவட்டங்களிலிருந்து நம்மவர்கள் அங்கே போகிறார்கள். பெங்களூரு நிம்ஹான்ஸிலும் இதற்கான வசதி உண்டு. எங்கே போனாலும் அறுவைக்குக் கையெழுத்திடுமுன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று: "நினைவுச் சோதனையில் என்ன தெரிந்தது, மறுபக்கம் தாங்குமா?"

மறதிக்கு வேறு காரணங்களும் உண்டு

எல்லா மறதியும் தழும்பால் வருவதில்லை. சில மருந்துகள் கவனத்தை மந்தமாக்கும். ஃபினோபார்பிட்டால் அப்படி, டோப்பிராமேட் சிலருக்கு நாவில் வர வேண்டிய சொல்லை வரவிடாமல் செய்யும். இதைப் படித்துவிட்டு யாரும் மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது. திடீரென்று நிறுத்தினால் அடங்காத வலிப்பு வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். மருத்துவரிடம் சொன்னால் மாற்று மருந்து இருக்கலாம். மனச்சோர்வும் நினைவைக் கெடுக்கும். நோயை மறைத்து வாழச் சொல்லும் வீட்டில் மனச்சோர்வு வராமல் எப்படி இருக்கும்? உறக்கக் குறைவு இரண்டு பக்கமும் வெட்டும் கத்தி. வலிப்பையும் தூண்டும், படித்ததையும் நிலைக்கவிடாது. பகலில் கற்றதை மூளை உறுதிப்படுத்துவது பெரிதும் உறக்கத்தில்தான்.

இன்னொரு வகை மறதி ஹிஃப்ழு மத்ரஸாக்கள் அவசியம் அறிய வேண்டியது. பொட்டு மடல் வலிப்புள்ள சிலர் இப்போது கற்றதை அரை மணி நேரம் கழித்துச் சரியாகச் சொல்லிவிடுவார்கள். மருத்துவமனைச் சோதனையில் தேறிவிடுவார்கள். ஆனால் சில நாட்கள் அல்லது சில வாரங்களில், மற்றவர்களைவிட வேகமாக அது அழிந்துவிடும். விரைந்த நீண்டகால மறதி என்று ஆய்வாளர்கள் இதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். காலையில் ஸபக்கைத் தங்கு தடையின்றி ஒப்பித்த மாணவன், மூன்று வாரம் கழித்து அதே பக்கத்தில் விழி பிதுங்கி நிற்கிறான். "அன்று ஒப்பித்தாயே, இன்று என்ன வந்தது?" என்று உஸ்தாத் கேட்கிறார். அன்று ஒப்பித்ததும் உண்மை, இன்று இல்லாததும் உண்மை.

ஜின்னா, நோயா?

வலிப்பு மூளையின் நோய் என்பதை நம் முன்னோர் அறியாதவர்கள் அல்லர். இப்னு சீனா தம் அல்கானூன் நூலில் வலிப்பைத் தலை, மூளை நோய்களோடு சேர்த்தே எழுதினார். நினைவாற்றலுக்கு மூளையில் தனி இடம் உண்டென்றும் கருதினார். அவர் சுட்டிய இடம் இன்றைய அறிவுக்குப் பொருந்தாது. ஆனால் அந்த ஆற்றலுக்கு அவர் சொன்ன பெயர் ஹாஃபிழா. குர்ஆனை மனனம் செய்தவரை நாம் அழைக்கும் சொல்லின் அதே வேர். இப்னுல் கய்யிம் அவர்கள் வலிப்பை இரண்டு வகையாகப் பிரித்து, ஒன்றைத் தீய ஆவிகளோடும் மற்றதை உடலின் கோளாறோடும் இணைத்தார்கள். இரண்டாவதை மறுக்கவில்லை. இன்று அவருடைய பெயரைச் சொல்லி முதல் வகையை மட்டும் எடுத்துக்கொண்டு, இ.இ.ஜி. கூட எடுக்காத பிள்ளையை அறைக்குள் அடைத்து அடிப்பவர்கள் அவர் நூலில் பாதியைத்தான் படித்திருக்கிறார்கள்.

புகாரியிலும் முஸ்லிமிலும் வரும் அந்தக் கறுப்பு நிறப் பெண்மணியின் செய்தி நமக்குத் தெரிந்ததுதான். வலிப்பு நோயுடன் நபி (ஸல்) அவர்களிடம் வந்தார். அவரை யாரும் விரட்டவில்லை, அடிக்கவில்லை. அவர் வேண்டிக்கொண்டதெல்லாம் வலிப்பு வரும்போது ஆடை விலகிவிடக்கூடாது என்பது. அதற்காக நபியவர்கள் துஆச் செய்தார்கள். நோயாளியின் மானம் எவ்வளவு பெரியது என்பதை அந்தச் செய்தியில் பார்க்கிறோம். துஆவும் ஓதிப் பார்ப்பதும் மருந்துக்கு எதிரி அல்ல. மருந்தை நிறுத்தச் சொல்லும் ஓதல்தான் ஆபத்து.

ஸ்கேன் அறையிலும் மத்ரஸாவிலும்

எம்.ஆர்.ஐ. ஒரு பெரிய காந்தம். உலோகம் எதுவும் உள்ளே போகக்கூடாது. அரைஞாணில் கட்டிய தகடு, கழுத்துத் தாயத்து, ஹிஜாபில் குத்திய ஊசி, முடி ஊசி எல்லாவற்றையும் கழற்ற வேண்டும். பெண்கள் ஊசி இல்லாமல் சுற்றிக்கொள்ளும் பருத்தித் துணியைக் கொண்டுபோனால் தலையை மறைத்தபடியே படுக்கலாம். பெண் ஊழியர் வேண்டும் என்று முன்கூட்டியே கேட்கலாம். எந்திரம் கடகடவென்று பெரும் சத்தம் போடும். பிள்ளைகளுக்கு முதல் நாளே சொல்லி வைத்தால் பயந்து அசைய மாட்டார்கள். அசைந்தால் படம் கலங்கிவிடும். எம்.ஆர்.ஐ.யில் எக்ஸ்ரே கதிர் கிடையாது.

ரமளானில் என்ன செய்வது என்பதை ஒரு மாதம் முன்பே மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள். ஒரு நாளைக்கு இரண்டு வேளை மருந்தை ஸஹருக்கும் இஃப்தாருக்கும் மாற்ற முடியுமா என்பது மருந்தைப் பொறுத்தது. முடியாது என்று அவர் சொன்னால் நோயாளிக்கு மார்க்கம் தந்த சலுகை இருக்கிறது. அதை ஏற்பதில் வெட்கமில்லை. இரவுத் தொழுகைகளால் உறக்கம் உடைவதும் கணக்கில் வர வேண்டும்.

ஹிஃப்ழு மத்ரஸா நடத்துபவர்களிடம் நமக்குச் சில வேண்டுகோள்கள். வலிப்புள்ள மாணவனை நான்கு மணிக்கு எழுப்ப வேண்டாம், தூங்கட்டும். ஸபக்கைப் பாதியாகக் குறையுங்கள். பழைய பாடத்தை முறைப்படி வாரங்கழித்துக் கேட்பதற்குப் பதில், மூன்றாம் நாள், ஏழாம் நாள் என்று நெருக்கிக் கேளுங்கள். ஓதலைப் பதிவு செய்து கேட்க விடுங்கள். முழுக் குர்ஆன் முடியவில்லையென்றால் ஐந்து ஜுஸ்உ போதும். அதற்கும் கண்ணியம் உண்டு என்பதை மற்ற மாணவர்கள் முன்னிலையில் நீங்களே சொல்லுங்கள்.

ஸபக் நோட்டு உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. எந்தப் பக்கம், எந்தத் தேதியில், எத்தனை தவறு என்று எழுதுகிறீர்கள். அதே பக்கத்தின் ஓரத்தில் வலிப்பு வந்த நாளையும், வெறித்துப் பார்த்த நேரத்தையும், மாத்திரை தவறிய வேளையையும், உறங்கிய மணியையும் சேர்த்து எழுதுங்கள். எந்தப் பாடம் எத்தனை நாளில் போனது என்பது ஆறு மாதத்தில் அதில் தெரியும். அரை மணி நேரச் சோதனையில் பிடிபடாத மறதிக்கு அதைவிட நல்ல பதிவு நரம்பியல் மருத்துவருக்கு எளிதில் கிடைக்காது. அடுத்த முறை போகும்போது ஸ்கேன் கோப்போடு அந்த நோட்டையும் பெற்றோரிடம் கொடுத்தனுப்புங்கள்.